சமாதானம் பேசினால் வழக்கு என்னவாகும்?

வாசகி ஒருவர் எழுதியிருப்பதன் சுருக்கம்: எங்கள் வீட்டுக்கும் பக்கத்து வீட்டுக்கும் பொதுவான நடைபாதை குறித்து நான்கு ஆண்டுகளாகத் தகராறு. சென்ற மாதம் வாய்ச்சண்டை கைகலப்பாகி, அவர்கள் தள்ளிவிட்டதில் என் கணவருக்கு மணிக்கட்டு எலும்பு முறிந்தது. 22 வயதான எங்கள் மகன் அடித்ததாக அவர்களும் புகார் கொடுத்திருக்கிறார்கள். இரு தரப்பின் மீதும் எஃப்.ஐ.ஆர். பதிவாகியுள்ளது. பெரியவர்கள் சமாதானமாகப் போகச் சொல்கிறார்கள். மகனோ, திருப்பி அடிக்காமல் விடமாட்டேன் என்கிறான். சமாதானமானால் வழக்கு முடிந்துவிடுமா? எங்கள் உரிமை போய்விடாதா?

அம்மா, முதலில் மகனைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், ஏனெனில் அதுதான் அவசரம். தற்காப்பு உரிமையை, இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதா ஏற்கிறது. ஆனால் ஆபத்து கண்முன் நிற்கும் வரையில்தான் அந்த உரிமை உண்டு, தடுப்பதற்குத் தேவையான அளவுக்கு மேல் ஒரு அடி அடித்தாலும் அது குற்றமாகிவிடும். ஒரு மாதம் கழித்துப் போய் அடிப்பதைத் தற்காப்பு என்று எந்த நீதிமன்றமும் ஏற்காது. கையில் கட்டையோ கம்பியோ எடுத்து அதனால் எலும்பு முறிந்துவிட்டால் பிரிவு 118(2) வரும். அதற்குக் குறைந்தபட்சமே ஓராண்டுச் சிறை, அதிகபட்சம் ஆயுள். இன்று காயம்பட்ட தரப்பாக இருக்கும் நீங்கள் அன்று ஜாமீனுக்கு அலையும் தரப்பாகிவிடுவீர்கள். இதைத் தகப்பனாரே மகனை உட்காரவைத்துச் சொல்ல வேண்டும். அடிபட்டவர் வாயிலிருந்து வந்தால்தான் அந்தச் சொல்லுக்கு எடை உண்டு.

இனி வழக்குக்கு வருவோம். எலும்பு முறிவு சட்டப்படி கொடுங்காயம்; பிரிவு 117(2)-இன் கீழ் ஏழாண்டு வரை தண்டனை உண்டு. ஆனால், குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் பிரிவு 359-இன்படி, காயம்பட்டவர் விரும்பி, நீதிமன்றமும் அனுமதித்தால் இதைச் சமரசம் செய்துகொள்ளலாம். உங்கள் மகன் மீதுள்ள சாதாரணக் காயம், பிரிவு 115(2), நீதிமன்ற அனுமதிகூட இல்லாமல் சமரசம் ஆகக்கூடியது. ஆனால் அங்கே சம்மதிக்க வேண்டியவர் எதிர்த்தரப்பில் காயம்பட்டவர். இவ்வாறு செய்யப்படும் சமரசத்துக்கு விடுதலைத் தீர்ப்பின் பலன் உண்டு. எனினும் நாளை வேலைக்கான விண்ணப்பத்தில் வழக்கு இருந்ததா என்று கேட்டால் மகன் உண்மையையே எழுத வேண்டும். மறைத்ததால் வேலையை இழந்தவர்கள் உண்டு.

இங்கே பலர் இடறி விழும் இடம் ஒன்று இருக்கிறது. நீங்கள் அனுப்பிய நகலில் இரண்டு எஃப்.ஐ.ஆர்.களிலும் 296(b), அதாவது ஆபாசமாகத் திட்டியது என்ற பிரிவும் சேர்க்கப்பட்டுள்ளது. மூன்று மாதம் வரை தண்டனை உள்ள சிறிய குற்றம்தான். ஆனால் சமரசம் செய்யத்தக்க குற்றங்களின் பட்டியலில் அது இல்லை. ஆகவே மாஜிஸ்திரேட் முன் எல்லோரும் கைகுலுக்கினாலும் அந்தப் பிரிவு அப்படியே நிற்கும். இரு தரப்பும் உறுதிமொழிப் பத்திரங்களுடன் நடைமுறைச் சட்டத்தின் பிரிவு 528-இன் கீழ் உயர் நீதிமன்றத்தை அணுகி, இரண்டு வழக்குகளையும் ஒருசேர ரத்து செய்யக் கேட்பதே சரியான வழி. தனிப்பட்ட தகராறிலிருந்து எழுந்த, கொலை, பாலியல் வன்முறை போலச் சமூகத்தையே பாதிக்கும் தன்மையில்லாத வழக்குகளை இவ்வாறு முடிக்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 2012-இல் கியான் சிங் வழக்கில் தெளிவாக்கியுள்ளது.

காவல் நிலையத்தில் எழுதிக் கொடுக்கும் தாள் எஃப்.ஐ.ஆரை முடிக்காது; குற்றத்தைச் சமரசம் செய்யும் அதிகாரம் காவல் துறைக்கு இல்லை. பெரியவர்கள் நல்ல மனத்துடன் பேசுவதில் எந்தத் தவறும் இல்லை, நான் அதை வரவேற்கிறேன். ஆனால் யாராவது வெற்றுப் பத்திரத்தில் கையெழுத்தோ, கையில் முன்பணமோ கேட்டால் அது கட்டப் பஞ்சாயத்து. எழுந்து வந்துவிடுங்கள்.

நான் மிகவும் வற்புறுத்த விரும்புவது இதுதான்: அடிதடி வழக்கை மட்டும் முடித்துவிட்டுப் பாதையை அப்படியே விடாதீர்கள். சண்டை பிறந்தது அந்தப் பாதையில். அது தீராமல் கிடந்தால் அடுத்த மழைக்காலத்தில் தேங்கும் தண்ணீரே போதும், மறுபடி கை ஓங்குவதற்கு. இலவசச் சட்ட உதவி தரும் வட்டச் சட்டப் பணிகள் குழுவில் ஒரு மனு கொடுத்தால், வழக்கு போடாமலே பாதைப் பிரச்சினையை லோக் அதாலத்துக்கு, அதாவது மக்கள் நீதிமன்றத்துக்கு, எடுத்துக்கொள்வார்கள். 1987-ஆம் ஆண்டுச் சட்டப் பணிகள் ஆணையச் சட்டப்படி, அங்கே ஏற்படும் தீர்வு உரிமையியல் நீதிமன்றத் தீர்ப்பாணைக்குச் சமம். அதன் மீது மேல்முறையீடு கிடையாது. நாளை எவரேனும் மீறினால் அதை அமல்படுத்தக் கேட்டு நேரே நிறைவேற்று மனு போடலாம். உரிமை போய்விடுமோ என்று அஞ்சினீர்கள். எழுதப்பட்ட உரிமை, இப்போது வாய்ப்பேச்சில் தொங்கும் உரிமையைவிட உறுதியானது.

எழுதும்போது சொல்லுக்குச் சொல் கவனம் வேண்டும். நான் கையாண்ட ஒரு வழக்கில், பாதையை இரு தரப்பும் தடையின்றிப் பயன்படுத்தலாம் என்று அழகாக எழுதிக் கையெழுத்திட்டார்கள். ஒரு வீட்டின் இரும்புக் கதவு பாதைப் பக்கமாகத் திறக்கும் என்பதை யாரும் யோசிக்கவில்லை. ஆறாம் மாதம் அந்தக் கதவு ஒரு முதியவரின் முழங்காலில் இடித்தது. மறுபடி காவல் நிலையம். எனவே, சர்வேயரை வைத்து அளந்து, வரைபடத்தை இணைத்து, அகலம் எத்தனை அடி, வண்டியை எங்கே நிறுத்துவது, கழிவுநீர் எப்பக்கம் போவது, கதவு எப்பக்கம் திறப்பது என்பது வரை எழுதுங்கள். மருத்துவச் செலவை யார், எந்தத் தேதிக்குள் தருவது என்பதும் அதிலேயே இருக்கட்டும்.

இதெல்லாம் முடியும்வரை மிரட்டல் தொடர்ந்தால், நடைமுறைச் சட்டத்தின் பிரிவு 126-இன் கீழ் நிர்வாக நடுவரிடம் அமைதிப் பிணை கேட்கலாம். ஓராண்டு வரை அமைதி காப்பதாக எழுதி வாங்குவார். அது உங்கள் மகனிடமும் கேட்கப்படலாம் என்பதற்குத் தயாராக இருங்கள்.

காயச் சான்றிதழ், எக்ஸ்ரே, மருத்துவமனை ரசீதுகள், பத்திர நகல், இரண்டு எஃப்.ஐ.ஆர். நகல்கள் ஆகியவற்றை எடுத்துக்கொண்டு இந்த வாரமே குழு அலுவலகத்துக்குச் செல்லுங்கள். பெண் என்ற முறையில் உங்களுக்கு வருமான வரம்பின்றி இலவச வழக்கறிஞர் உதவி பெறும் உரிமை உண்டு. அலுவலகம் எங்கே என்று 15100 என்ற எண்ணில் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம்.