சங்கமும் அட்டைப்பெட்டியும் – கடிதம்

வணக்கம்.

நாங்கள் பன்னிரண்டு பேர். சிங்கப்பூரில் உட்லண்ட்ஸ், ஈசூன் பக்கம் குடியிருப்பவர்கள், பெரும்பாலும் மின்துறையில் வேலை செய்பவர்கள். கோவைக் கண்டுபிடிப்பாளர் ஜி.டி.நாயுடுவின் பெயரைக் காக்க இங்கே லாபநோக்கற்ற சங்கம் ஒன்று தொடங்கும் எண்ணம். ‘தமிழ்நாட்டு எடிசன் நினைவுச் சங்கம்’ என்று பெயர் வைக்கலாமா? எப்படிப் பதிவு செய்வது? மின்விஞ்ஞானி டெஸ்லாவின் ஆய்வுக்கூடத்தை இணையத்தில் பணம் திரட்டி மீட்டார்களே, நம்மாலும் முடியும்தானே?

சென்ற ஆண்டு தவறிய என் மாமனார் கோவையில் நாயுடுவிடம் மோட்டார் வேலை படித்தவர். பிறகு செம்பவாங் கப்பல் பட்டறையில் வேலை பார்த்தார். அவர் விட்டுப்போன பெட்டியில் முப்பது தட்டச்சுக் கடிதங்கள், ஒரு சவர இயந்திரம், மூன்று கேசட்டுகள் இருக்கின்றன. பாம் ஷெல்டரில் (வீட்டுக்குள் இருக்கும் பதுங்கு அறை) பூச்சி உருண்டை போட்டு வைத்திருக்கிறோம். கடிதங்களை லேமினேட் செய்து தொடக்க விழாவில் காட்சிக்கு வைப்போம். நான்கு கணக்கு நோட்டுகளும் உள்ளன. வெறும் எண்கள். ஒரு பக்கத்தைப் படமெடுத்து இணைத்திருக்கிறேன். அவற்றைக் கழித்துவிடலாம்தானே?

(பெயர் தவிர்க்கப்பட்டது)
உட்லண்ட்ஸ்

அன்புள்ள நண்பருக்கு,

லேமினேட் செய்யாதீர்கள். மற்றதையெல்லாம் பிறகு பேசுவோம், கடைக்காரருக்கு முன்பணம் கொடுத்திருந்தாலும் முதலில் அதை நிறுத்துங்கள். லேமினேட் இயந்திரம் நூறு டிகிரிக்கு மேல் சூடேறி, பிளாஸ்டிக்கை உருக்கித் தாளின் நாருக்குள் இறக்கிவிடும். பிறகு யாராலும் அதைப் பிரிக்க முடியாது. பழைய தாளில் இருக்கும் அமிலமும் உள்ளேயே அடைபட்டு, பளபளப்புக்குக் கீழே தாள் பழுப்பேறிக்கொண்டிருக்கும். பாதுகாக்கும் ஆசையில் மனிதர்கள் செய்யும் கொலை இது. ஓரம் திறந்த பாலியெஸ்டர் உறைகளில் ஒவ்வொன்றாக வையுங்கள். மலிவான பிவிசி உறை ஆகாது, அதிலிருந்து கசியும் ரசாயனம் எழுத்தைத் தன்பக்கம் ஒட்டி எடுத்துக்கொள்ளும்.

அடுத்தது பாம் ஷெல்டர். அது உள்ள வீவக (அரசு அடுக்குமாடி) வீடுகளில் பலர் அதைச் சாமான் அறையாகத்தான் பயன்படுத்துகிறார்கள், ஆனால் தாளுக்கு அதைவிட மோசமான இடமும் வீட்டில் கிடையாது. கனத்த கான்கிரீட் சுவர், இரும்புக் கதவு, காற்றோட்டம் குறைவு. சிங்கப்பூரின் ஈரப்பதம் ஆண்டுச் சராசரியில் 80 விழுக்காட்டுக்கு மேல். விடியலுக்கு முன் 90ஐத் தாண்டும். 65ஐத் தாண்டி நிலைத்தாலே பூஞ்சைக்குப் போதும். தாளுக்கு வேண்டியது 45 முதல் 55 வரை, அதுவும் ஏறி இறங்காமல். புகைப்படக்காரர்கள் கேமரா வைக்கும் மின்சார டிரை கேபினட் (ஈரம் குறைக்கும் அலமாரி) ஒன்றை வாங்கி 50இல் வையுங்கள். சில நூறு வெள்ளிதான் ஆகும், விழாச் சாப்பாட்டுச் செலவை விடக் குறைவு. அதன் மீட்டரை அப்படியே நம்பிவிடாதீர்கள். ஒரு மூடியில் சமையல் உப்பை ஈர மணலைப்போலக் குழைத்து, தனியாக வாங்கிய ஈரப்பதமானியோடு சேர்த்து, ஜிப் பையில் காற்றுப் புகாமல் ஓர் இரவு மூடி வையுங்கள். காலையில் 75 காட்ட வேண்டும். 70 காட்டினால் உங்கள் மானி 5 குறைத்துச் சொல்கிறது. அந்த மானியை உள்ளே வைத்து கேபினட்டின் மீட்டரைச் சரிபாருங்கள். பேரங்காடியில் விற்கும் ஈரம் உறிஞ்சும் டப்பாவை மட்டும் உள்ளே வைக்க வேண்டாம். அதில் தேங்குவது கால்சியம் குளோரைடு கரைசல், கவிழ்ந்தால் முப்பது கடிதமும் போச்சு.

பூச்சி உருண்டையை இன்றே வெளியே எடுங்கள். அதன் ஆவி மனிதர்களுக்குக் கெடுதல், பிளாஸ்டிக்குக்கும் ஆகாது. வெள்ளிப்பூச்சி இருப்பதாகச் சந்தேகம் வந்தால் நோட்டுகளைப் பாலித்தீன் பையில் காற்றை வெளியேற்றி மூடி, ஃப்ரீசரில் மைனஸ் 18 டிகிரியில் இரண்டு வாரம் வையுங்கள். வெளியே எடுத்த பிறகு ஒரு நாள் முழுக்கப் பையைத் திறக்காதீர்கள், திறந்தால் குளிர்ந்த தாளின்மேல் நீர் கோத்துக்கொள்ளும். கடிதங்களில் இருக்கும் துருப்பிடித்த ஸ்டேப்பிள் முள்ளை இழுக்கக்கூடாது. பின்பக்கத்துக் கால்களை மெல்லிய தகட்டால் நிமிர்த்திவிட்டு முன்பக்கமாக எடுங்கள். கேசட்டின் மேல் விளிம்பில் இருக்கும் இரண்டு பிளாஸ்டிக் நாக்குகளை ஒடித்துவிட்டால் தவறிக்கூட அதன்மேல் வேறெதுவும் பதிவாகாது. சுருளின் ஓரத்தில் வெள்ளைப் பொடி தெரிந்தால் ஓட்டிப்பார்க்க வேண்டாம்.

சவர இயந்திரம் ‘ரசந்த்’ தானா என்று படத்தை வைத்துச் சொல்ல முடியாது. உலர் மின்கலத்தில் ஓடும் நாயுடுவின் ரேசர் புகழ்பெற்றது என்பதாலேயே ஒவ்வொரு பழைய ரேசரும் அதுவாகிவிடாது. உள்ளே மின்கலம் இருந்தால் எடுத்துவிடுங்கள். அதன் மேலே பதிந்திருக்கும் எழுத்தை எழுதிவையுங்கள். பாலிஷ் போட வேண்டாம்.

இனி டெஸ்லா. 2012இல் இணையத்தில் திரட்டியது 13 லட்சம் அமெரிக்க டாலருக்கு மேல். 2013இல் லாங் ஐலண்டில் அவருடைய ஆய்வுக்கூடம் இருந்த வார்டன்கிளிஃப் நிலத்தை வாங்கினார்கள். அது நல்ல காரியம், மறுக்கவில்லை. ஆனால் அங்கே டெஸ்லா எழுப்பிய கோபுரம் கிடையாது, 1917இலேயே இடித்துவிட்டார்கள். பிறகு புகைப்படப் பொருள் தயாரிக்கும் ஆலையாக இருந்து, மண்ணில் காட்மியம் என்ற நச்சு உலோகம் ஏறி, அதைச் சுத்தம் செய்த பிறகே இடம் விற்பனைக்கு வந்தது. 2023 நவம்பரில் அந்தக் கட்டடம் தீப்பற்றியது. நிலத்தையும் சுவரையும் வாங்கிய மறுநாளில் இருந்துதான் செலவே ஆரம்பம். டெஸ்லாவின் சிந்தனை இருப்பது செர்பியாவின் பெல்கிரேடில். 1943இல் அவர் இறந்ததும் அமெரிக்க அரசு கைப்பற்றி வைத்திருந்த தாள்களை, அவருடைய சகோதரி மகன் சாவா கோசனோவிச் விடாமல் போராடி 1950களின் தொடக்கத்தில் கப்பலேற்றினார். ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட ஆவணங்கள். 2003இல் யுனெஸ்கோவின் உலக நினைவுப் பதிவேட்டில் அவை இடம்பெற்றன. ஓர் உறவினர் பெட்டிகளைக் கழிக்காமல் இருந்ததால் கிடைத்தவை அவை.

கழிப்பது என்றதும் உங்கள் நான்கு நோட்டுகளுக்கு வருகிறேன். எனக்குக் கோபம் வந்தது அங்கேதான். நீங்கள் மின்துறைக்காரர். அந்தப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தீர்களா?

3 எச்பி (குதிரைத்திறன்), 400 வோல்ட், டெல்டா இணைப்பு, 4 போல் (காந்த முனை), 36 ஸ்லாட் (கம்பிச்சுருள் இறங்கும் பள்ளம்), 19 கேஜ் (தடிமன்) கம்பி. பிட்ச், அதாவது ஒரு சுருளின் இரு பக்கங்களுக்கு இடையே உள்ள தூரம், 1–10 என்று எழுதி அடித்திருக்கிறார், பக்கத்தில் 1–9. சுற்று 44 என்று எழுதி அடித்திருக்கிறார், பக்கத்தில் 45. கீழே தமிழில் ‘சூடு இல்லை’. இது கணக்கு நோட்டு இல்லை ஐயா. எரிந்துபோன ஒரு மோட்டாரைப் பிரித்து, பழைய காயிலை (கம்பிச்சுருளை) எண்ணி, அதை அப்படியே திருப்பிக் கட்டாமல் மாற்றிக் கட்டியவரின் குறிப்பு.

36 ஸ்லாட்டை 4 போலுக்குப் பகிர்ந்தால் 9. முதல் ஸ்லாட்டில் இறங்கிய காயிலின் மறுபக்கம் பத்தாவதில் இறங்குவது முழு பிட்ச். உங்கள் மாமனார் ஒரு ஸ்லாட் குறைத்து ஒன்பதாவதில் இறக்கியிருக்கிறார். வெளியே வளையும் செம்பின் நீளம் அதனால் குறைகிறது. மோட்டாரை உறுமவைத்துச் சூடேற்றும் ஐந்தாம், ஏழாம் ஹார்மானிக்குகளும் (முதன்மை அலையோடு ஒட்டிவரும் துணை அலைகள்) அடங்குகின்றன. அதற்கு ஒரு விலை உண்டு. காயிலின் பயன் ஒன்றரை விழுக்காடு குறையும், அதே வோல்ட்டேஜுக்கு இரும்பில் காந்தப்பாய்வு அந்த அளவுக்குக் கூடும், கூடினால் மின்னோட்டம் ஏறி மறுபடி சூடு. அதை ஈடுகட்டத்தான் 44ஐ 45 ஆக்கியிருக்கிறார். 44ஐ 0.985ஆல் வகுத்துப் பாருங்கள், 44.7 வரும். அரைச் சுற்றெல்லாம் கட்ட முடியாது, 45தான் வழி. கேஜை மாற்றாமல், கூடுதல் கம்பிக்கும் ஸ்லாட்டில் இடம் கண்டுபிடித்திருக்கிறார்.

நாயுடுவின் மரபு என்று நீங்கள் தேடுவது இதைத்தான். 1937இல் கோவையில் மின்மோட்டார் செய்தது பெரிய காரியம். அதைவிடப் பெரியது, பிரித்துப் பார்த்துத் திருத்தும் துணிவைச் சாதாரண இளைஞர்களின் கையில் ஏற்றியது. 1945இல் அவர் பாலிடெக்னிக் தொடங்கியதும் அதற்காகவே. அந்தக் கை செம்பவாங்கில் வேலை செய்ததற்குச் சாட்சி உங்களிடம் நான்கு நோட்டு நிறைய இருக்கிறது, நீங்கள் கழிக்கலாமா என்று கேட்கிறீர்கள். தட்டச்சுக் கடிதங்களுக்குக் கோவையில் கார்பன் நகல் இருக்க வாய்ப்புண்டு. இந்த நோட்டுகளுக்கு இருக்காது.

நோட்டுகளை முதலில் ஸ்கேன் செய்யுங்கள். 400 டிபிஐ, வண்ணம், டிஃப் (TIFF) கோப்பு. அடித்தல் திருத்தல் எந்த மையில் என்பது முக்கியம், அதனால் கறுப்பு வெள்ளை ஆகாது. அட்டை, வெற்றுப் பக்கம், இடையில் செருகிய துண்டுச் சீட்டு எல்லாவற்றையும் இருந்த வரிசையிலேயே எடுங்கள். ஏ4 அளவில் ஒரு பக்கம் 46 எம்பி வரும், 400 பக்கம் சேர்ந்தாலும் 19 ஜிபிக்குள்தான். மூன்று பிரதி வையுங்கள், அதில் ஒன்று வேறொருவர் வீட்டில் இருக்கட்டும்.

சங்கப் பதிவைக் கேட்டிருந்தீர்கள். பத்துப் பேர் சேர்ந்தாலே சங்கப் பதிவகத்தில் பதிய வேண்டும், நீங்கள் பன்னிரண்டு பேர். அறநிறுவனத் தகுதியும் வேண்டுமென்றால், பொதுவாக அதன் நோக்கம் முழுமையாகவோ பெரும்பாலுமோ சிங்கப்பூர்ச் சமூகத்துக்குப் பயன்பட வேண்டும். கோவைக்காரர் ஒருவரின் புகழ் பாடுவது அதில் அடங்குவது சிரமம். செம்பவாங் பட்டறைத் தமிழர்களின் தொழிலறிவைக் காப்பது அடங்கும். ‘எடிசன்’ பெயரில் வேண்டாம், நாயுடுவுக்கு அவர் பெயரே போதும். தொடங்குமுன் கோவை அவினாசி சாலையில் அவர் கண்காட்சியை நடத்தும் அறக்கட்டளைக்கு ஒரு கடிதம் எழுதுங்கள். நாயுடு கையெழுத்திட்ட கடிதம் உங்கள் கையில் இருந்தாலும் பதிப்புரிமை உங்களுடையது ஆகாது. 1974இல் மறைந்தவர் அவர். மறைவுக்குப் பின் இந்தியச் சட்டம் 60 ஆண்டு, சிங்கப்பூர்ச் சட்டம் 70 ஆண்டு கணக்கிடுகிறது. தலைவர் யார், சின்னம் என்ன என்பதையெல்லாம் நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

மாமனாருடன் வேலை பார்த்தவர்களில் யாராவது இருக்கிறார்களா என்று இந்த வாரமே விசாரியுங்கள். எண்பதைக் கடந்திருப்பார்கள். மூலநோட்டைக் கொண்டுபோக வேண்டாம், பக்கங்களைப் பெரிய எழுத்தில் அச்செடுத்துப் போங்கள். ஒலிப்பதிவை ஓடவிட்டு, பக்கம் பக்கமாகக் கேளுங்கள். ஸ்லாட்டுக்குள் என்ன தாள் போட்டார்கள், வார்னிஷில் எத்தனை நேரம் முக்கினார்கள், எதில் காயவைத்தார்கள், அந்த 45ஆவது சுற்றை உள்ளே திணிக்க மூங்கில் ஆப்பைச் சீவினார்களா, இல்லை தாளை மெலிதாக்கினார்களா.

அன்புடன்.