ஐம்பத்தொரு கோடுகளில் எதை நம்புவது? குழும எதிர்வுகூறல் பற்றிய கேள்வி பதில்

பெரும்போக விதைப்பு முடிந்து உரம் இடும் காலம் என்பதால் கேள்விகள் குவிந்திருக்கின்றன. நான் வானிலை அதிகாரி அல்லன். முப்பது ஆண்டுகள் புவியியல் கற்பித்து ஓய்வுபெற்று, இப்போது வானிலையைக் கணிக்கும் கணினி மாதிரிகளின் வரைபடங்களைப் பார்த்து நாட்குறிப்பில் எழுதிவைப்பதையே பொழுதாகக் கொண்டிருப்பவன். எச்சரிக்கை விடுக்கும் பொறுப்பு இலங்கை வளிமண்டலவியல் திணைக்களத்திற்கு உரியது. என் பதில்களை எவரும் எச்சரிக்கையாகக் கொள்ள வேண்டாம்.

ஒரே கணினி மாதிரி ஏன் ஐம்பத்தொரு விடைகளைத் தர வேண்டும்? சரியான ஒன்றைத் தந்தால் போதாதா? (ஆசிரியை, கொக்கட்டிச்சோலை)

சரியான ஒன்று எதுவென்று தொடங்கும்போதே தெரியாது என்பதுதான் சிக்கல். இப்போதைய வளிமண்டலம் எப்படி இருக்கிறது என்பதிலிருந்தே மாதிரி கணக்கிடத் தொடங்குகிறது. நமக்குக் கிழக்கே விரிந்து கிடக்கும் வங்காள விரிகுடாவில் செய்மதிகளும் சில மிதவைகளும் கப்பல்களும் தரும் அளவீடுகளைத் தவிர வேறு அதிகம் இல்லை; இடைவெளிகளை மதிப்பீட்டால் நிரப்புகிறார்கள். 1961ஆம் ஆண்டில் அமெரிக்க வளிமண்டலவியலாளர் எட்வர்ட் லோரன்ஸ் தம் சிறிய கணினி மாதிரியை நடுவிலிருந்து மீண்டும் ஓட்டியபோது, 0.506127 என்ற எண்ணுக்குப் பதிலாக அச்சிலிருந்த 0.506 என்பதை இட்டார். அந்த அற்ப வேறுபாடு வளர்ந்து வளர்ந்து முற்றிலும் வேறொரு வானிலையில் போய் முடிந்தது. அத்தகைய பிழை எல்லா மாதிரிகளிலும் எந்நாளும் இருக்கிறது.

ஆகவே பிழையை மறைக்காமல் வேண்டுமென்றே தூவிப் பார்க்கிறார்கள். ஐரோப்பிய நடுத்தரகால வானிலை எதிர்வுகூறல் மையம் (ECMWF) தொடக்க நிலையைச் சிறிது சிறிதாக மாற்றி, முகில், மழை போன்றவற்றைக் கணிக்கும் பகுதிகளிலும் சிறு தற்செயல் மாற்றங்களைப் புகுத்தி, 50 ஓட்டங்களை நடத்துகிறது. மாற்றமில்லாத கட்டுப்பாட்டு ஓட்டத்தையும் சேர்த்து 51. இந்தத் தொகுதியே குழுமம்; வரைபடத்தில் ஒவ்வோர் ஓட்டமும் ஒரு கோடு. அமெரிக்க மையத்தின் குழுமத்தில் 31. இரண்டு மையங்களும் 1992ஆம் ஆண்டின் இறுதியில் இதை நடைமுறைக்குக் கொண்டுவந்தன. கோடுகள் ஒன்றையொன்று ஒட்டிச் சென்றால் அன்றைய வளிமண்டலம் கணிப்புக்கு இணங்குகிறது என்றும், விசிறி போல் விரிந்தால் இணங்கவில்லை என்றும் கொள்ளுங்கள். அந்த விரிவும் ஒரு செய்திதான். பலர் அதைக் குறைபாடு என்று எண்ணிப் புறக்கணிக்கிறார்கள்.

செயலியில் வியாழக்கிழமை 3 மில்லிமீற்றர் என்று காட்டுகிறது. யூரியா போடலாமா? (விவசாயி, வெல்லாவெளி)

பல செயலிகள் முதலில் காட்டுவது ஒற்றை ஓட்டத்தின் எண்ணைத்தான். நானும் அதை நம்பிப் பட்டவன். சில ஆண்டுகளுக்கு முன் ஒற்றை ஓட்டத்தைப் பார்த்துவிட்டு, மூன்று நாள் வெயில் என்று படுவான்கரையில் வயல் செய்யும் என் அண்ணனிடம் உறுதியாகச் சொன்னேன். காலையில் உரம் எறிந்தார். மாலையில் வரம்பு மேவி வெள்ளம் ஓடியது. அன்று குழுமத்தை நான் திறந்தே பார்க்கவில்லை. அந்தப் பசளையின் விலையை அவர் இன்றும் என்னிடம் நினைவூட்டுகிறார்.

நீங்கள் செய்ய வேண்டியது எண்ணிக்கை. உரத்தை அடித்துச் செல்லும் மழை உங்கள் வயலில் 25 மில்லிமீற்றர் என்று வைத்துக்கொண்டால், அந்த அளவைத் தாண்டும் கோடுகள் எத்தனை என்று பாருங்கள். 51இல் 14 தாண்டினால் ஏறத்தாழ 27 வீதம். அது அதிகமா குறைவா என்பதை மாதிரி சொல்லாது, உங்கள் கணக்கே சொல்லும். உரத்தை இரண்டு நாள் பிந்திப் போடுவதால் உங்களுக்கு 2,000 ரூபாய் நட்டம், கரைந்துபோனால் 20,000 ரூபாய் நட்டம் என்றால், 10 வீதத்தைத் தாண்டிய உடனேயே பொறுத்திருப்பதுதான் இலாபம். அதே 27 வீதத்தைப் பார்த்து, கூலியாட்களை அழைத்துவிட்ட இன்னொருவர் வேலையைத் தொடங்கினால் அவரும் பிழை செய்தவர் ஆகமாட்டார், ஏனெனில் அவருக்குப் பொறுப்பதற்கான செலவு அதிகம்.

சராசரிக் கோட்டைப் பார்த்தால் நடுநிலையான விடை கிடைக்குமல்லவா? (ஏறாவூர்)

சில வேளைகளில் அதுவே மிக மோசமான விடை. தாழமுக்கம் ஒன்று நமக்குத் தென்கிழக்கே நிற்கும்போது, பாதி ஓட்டங்கள் அதைப் பொத்துவில் பக்கமாகக் கரையேற்றி 150 மில்லிமீற்றர் தரலாம். மறுபாதி அதைக் கரையைத் தொடாமல் வடக்கே தமிழ்நாட்டை நோக்கி அனுப்பி 10 மில்லிமீற்றர் தரலாம். சராசரி 80 என்று வரும். அந்த 80ஐ எந்த ஓட்டமும் சொல்லவில்லை. கோடுகள் இரண்டு கூட்டமாகப் பிரிந்திருக்கின்றனவா என்று முதலில் பாருங்கள்.

60 வீதம் என்று சொல்வது தப்பித்துக்கொள்ளும் வழி. பெய்தாலும் நீங்கள் சரி, பெய்யாவிட்டாலும் நீங்கள் சரி. (சம்மாந்துறை)

ஒரு நாளை மட்டும் வைத்துப் பார்த்தால் நீங்கள் சொல்வது உண்மை. ஆனால் 60 என்று சொல்லப்பட்ட நாட்களை எல்லாம் ஒன்றுசேர்த்து எண்ணினால் தப்ப முடியாது. அப்படியான நூறு நாட்களில் அறுபதை அண்டிய எண்ணிக்கையில் பெய்திருந்தால் எண் நேர்மையானது. முப்பது நாட்களில் மட்டும் பெய்திருந்தால் அது பொய்.

நூறு நாள் எண்ணிக்கொண்டிருக்க வயல் வட்டை காத்திருக்காது சேர். எங்கள் வாப்பா காற்றுத் திரும்புவதையும் மேற்கே இருட்டுவதையும் பார்த்தே சொல்லிவிடுவார். (மீண்டும் அவரே)

உங்கள் வாப்பாவின் கண்ணை நான் குறைத்து மதிப்பிடவில்லை. ஒக்டோபர் மாதத்துப் பின்னேர இடிமழையில் அடுத்த இரண்டு மூன்று மணித்தியாலங்களுக்கு அந்தக் கண்ணே மாதிரியை வெல்லும். ஐரோப்பியக் குழுமம் பூமியைப் பிரித்துக் கணக்கிடும் கட்டம் ஒன்றின் அகலம் 2023 முதல் ஏறத்தாழ 9 கிலோமீற்றர். மட்டக்களப்பு நகரும் காத்தான்குடியும் ஒரே கட்டத்திற்குள் அடங்கிவிடலாம். எந்த ஊரின் மேல் முகில் உடையும் என்று அதனால் சொல்ல இயலாது. ஆனால் ஐந்து நாட்களுக்குப் பின் வரும் தாழமுக்கத்தை எந்தக் கண்ணும் காணாது. இன்னொன்று: வாப்பா சொல்லிப் பலித்தவற்றைக் குடும்பமே நினைவில் வைத்திருக்கும். பலிக்காதவற்றை எவராவது எழுதிவைத்தார்களா?

இடையே புகுவதற்கு மன்னிக்கவும். 51 ஓட்டமும் ஒரே மாதிரியின் பிள்ளைகள்தானே? தாய் பிழைத்தால் எல்லாமே சேர்ந்து பிழைக்காதா? (பொறியியல் மாணவர், கல்முனை)

இன்று வந்தவற்றில் மிகச் சிறந்த கேள்வி இது. சம்மாந்துறைக்காரர் கேட்டிருக்க வேண்டியதும் இதுதான். ஆம், பிழைக்கும். ஒரே மாதிரியின் பொதுக்குறை, அதாவது வெப்பவலயத்து முகிலைக் கையாளும் முறையிலுள்ள குறை, எல்லா ஓட்டங்களிலும் ஒருசேர இருக்கும். அதனால்தான் கோடுகள் உண்மையான ஐயத்தைவிட நெருக்கமாக நின்று நம்மை ஏமாற்றுவதுண்டு. என் நாட்குறிப்பிலும் அனைத்துக் கோடுகளும் மழை என்று ஒத்திருந்து வெறும் வானமாகக் கழிந்த நாட்கள் இருக்கின்றன. ஆகவே அமெரிக்கக் குழுமத்தையும் அருகில் வைத்துப் பாருங்கள். வெவ்வேறு தாய்களின் பிள்ளைகள் ஒரே கதையைச் சொன்னால் நம்பிக்கை கூடும். அத்துடன், அதே திகதிக்கு நேற்றைய ஓட்டம் என்ன சொன்னது என்பதையும் ஒப்பிடுங்கள்.

அடுத்த மாதம் 24ஆம் திகதி கல்யாணம், மழை வருமா? (களுவாஞ்சிக்குடி, செங்கலடி, அக்கரைப்பற்று, திகதிகள் மட்டும் வேறு)

ஐரோப்பியக் குழுமத்தின் நாளாந்த விவரம் 15 நாட்களுக்குத்தான். மாரியில் வைத்த கல்யாணத்திற்குக் கொட்டகை போடுங்கள்.

நாளை ஆழ்கடலுக்குப் போகலாமா? (வாழைச்சேனை)

இதை என்னிடம் கேட்கக் கூடாது. திணைக்களத்தின் கடற்பிராந்திய அறிவித்தலைப் பாருங்கள். ஐயம் இருந்தால் அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117க்கு அழையுங்கள். உயிர் பணயமாக இருக்கும் இடத்தில் 5 வீதமும் பெரிய எண்.

சூறாவளி வருகிறதாமே? (ஆறு பேர், ஒரே வட்ஸ்அப் படத்துடன்)

அந்தப் படத்தைத் திறந்து பார்த்தேன். பத்து நாட்களுக்கு அப்பாற்பட்ட ஒற்றை ஓட்டம்; அதே நேரத்துக் குழுமத்தில் மிகச் சில ஓட்டங்களில் மட்டுமே அப்படி ஒரு சுழல் இருக்கிறது. மூன்றாம் முறையாகச் சொல்கிறேன்: ஒற்றை ஓட்டத்தின் படத்தை அனுப்பாதீர்கள்.

1978 நவம்பர் 23 இரவைக் கண்டவர்களுக்குச் சூறாவளி என்ற சொல்லே நடுக்கம் தரும்; அந்த அச்சத்தை நான் குறை சொல்லமாட்டேன். எங்கள் வீட்டுக் கூரை போன ஓசை எனக்கு இன்னும் கேட்கிறது. ஆனால் பெயர் வைக்கப்பட்டதா என்று மட்டுமே காத்திருப்பதும் ஆபத்து. 2024 நவம்பர் 29இல்தான் ஃபெங்கல் சூறாவளி என்று பெயர் பெற்றது. அதற்கு முன்பே, அது வெறும் தாழமுக்கமாக நம் கரையோரம் ஊர்ந்துகொண்டிருந்த நாட்களில், அம்பாறையும் மட்டக்களப்பும் வெள்ளத்தில் கிடந்தன. காற்றின் வேகத்தை விட்டுவிட்டு, மூன்று நாள் கூட்டு மழை 200 மில்லிமீற்றரைத் தாண்டும் ஓட்டங்கள் எத்தனை என்று எண்ணுங்கள். குளங்களின் வான்கதவு திறப்பு பற்றி நீர்ப்பாசனத் திணைக்களம் சொல்வதையும் கேளுங்கள்.

செயற்கை நுண்ணறிவு வந்தபின் இதெல்லாம் தேவையா? (திருக்கோவில்)

அதுவும் குழுமமாகவே வருகிறது. ஐரோப்பிய மையம் 2025 ஜூலையில் அத்தகைய குழுமத்தை நடைமுறைக்குக் கொண்டுவந்தது. எண்ணும் வேலை மாறாது.

நானும் எண்ணிப் பார்க்க விரும்புகிறேன். எங்கிருந்து தொடங்குவது? (உயர்தர மாணவி, ஆரையம்பதி)

ஒரு மழைமானியிலிருந்து. பக்கங்கள் நேராக உள்ள பிளாஸ்டிக் போத்தலின் கழுத்தை வெட்டி, அதையே கவிழ்த்துப் புனலாக வையுங்கள். அடியிலுள்ள வளைவு மறையும்வரை நீர் ஊற்றி, அந்த மட்டத்தைச் சுழியம் என்று குறித்து, மேலே அடிமட்டத்தை ஒட்டுங்கள். மரத்திற்கும் கூரைக்கும் தள்ளி வையுங்கள். நாள்தோறும் காலை 8.30க்கு அளந்து எழுதுங்கள். திணைக்களம் நாளாந்த மழையைக் கணக்கிடுவதும் அந்த நேரத்திற்கே. பலர் இங்குதான் தவறுகிறார்கள்: மாதிரியின் நாள் நள்ளிரவிலிருந்து நள்ளிரவு வரை இருக்க, போத்தலின் நாள் காலையிலிருந்து காலை வரை இருக்கும். சர்வதேச நேரம் 00 மணி என்பது நமக்கு அதிகாலை 5.30, அந்த ஓட்டத்தின் விவரம் நண்பகலுக்குப் பின்னரே கைக்கு வரும். ஆகவே பிற்பகலில் கோடுகளின் எண்ணிக்கையைக் குறியுங்கள், மறுநாள் காலை 8.30 தொடக்கம் அதற்கடுத்த காலை 8.30 வரையான மழைக்கு உரிய எண்ணிக்கையாக. பக்கத்து நிரலில் போத்தலின் அளவை எழுதுங்கள். தை பிறக்கும்போது அந்தக் கொப்பியைக் கொண்டுவந்து காட்டுங்கள், சம்மாந்துறைக்காரரையும் அழைக்கிறேன்.