மலிவு விலையில் மருத்துவக் கருவி செய்தும் ஏழை நாட்டு மருத்துவமனைகள் ஏன் ஏற்பதில்லை?

கேள்வியின் தொனியைப் பார்த்தால் நீங்கள் கல்லூரி இறுதியாண்டு. கையில் ஒரு மாதிரிக் கருவி, சுவரில் ஒரு பரிசுச் சான்றிதழ். தவறென்றால் மன்னியுங்கள். மருத்துவமனைக் கருவிகளைப் பழுதுபார்த்தே பதினாறு ஆண்டுகளைக் கழித்தவன் நான். நீங்கள் நிற்கும் இடத்தில் நானும் நின்றிருக்கிறேன்.

மஞ்சள் காமாலை கண்ட பச்சிளங்குழந்தைகளை நீல விளக்கின் கீழ் படுக்க வைப்பார்கள். 460 முதல் 490 நானோமீட்டர் வரையிலான ஒளி தோலில் பட்டால், மஞ்சள் நிறத்துக்குக் காரணமான பிலிருபின் உடலைவிட்டு வெளியேறக்கூடிய வடிவத்துக்கு மாறும். இறக்குமதிக் கருவியின் விலையைக் கேட்டு மலைத்துப்போய், எல்.இ.டி. விளக்குகளையும் பழைய கணினியின் பவர் சப்ளையையும் தகரப் பெட்டியில் பொருத்தி நானே ஒன்று செய்தேன். ஒளிச்செறிவு மீட்டரில் 34 காட்டியது. தீவிர சிகிச்சைக்கு 30 போதும். குழந்தை மருத்துவர் சோதித்து ஒப்புக்கொண்ட பிறகுதான் வார்டுக்குள் போனது, அதற்குள் சண்டைக்கு வராதீர்கள்.

இரண்டு மாதம் கழித்துக் கூப்பிட்டார்கள். பிலிருபின் இறங்க மிகவும் தாமதமாகிறதாம். போய்ப் பார்த்தால் விளக்கு பளிச்சென்று எரிகிறது. அளந்தேன்: 9.

பெட்டியைத் தாங்கும் கம்பியை யாரோ இரண்டு மடங்கு உயர்த்தியிருந்தார்கள். எனக்கு வந்த கோபத்தில் மூத்த சிஸ்டரிடமே கேட்டுவிட்டேன். "தம்பி, ஊசி போடக் குனிந்தால் உங்கள் பெட்டி நெற்றியில் இடிக்கிறது. அந்த நீல வெளிச்சத்தில் குழந்தை நீலம் பாரித்தாலும் தெரியாது. இரவெல்லாம் பார்த்தால் தலை சுற்றுகிறது. தூக்கி வைக்காமல் என்ன செய்வது?" என்றார்.

அப்போதும் எனக்குப் புத்தி வரவில்லை. 'உயர்த்தக் கூடாது' என்று சுவரில் அறிவிப்பு ஒட்டிவிட்டு வந்தேன். அடுத்த முறை போனபோது அறிவிப்பும் இருந்தது, பெட்டியும் உயரத்திலேயே இருந்தது. பிறகுதான் உயரத்தை மாற்ற முடியாதபடி கம்பியைப் பற்றவைத்து, கீல் போட்டு, பெட்டியைக் கதவுபோல ஒதுக்கும்படி செய்தேன். ஒதுக்கினால் நீலம் அணைந்து வெள்ளை விளக்கு எரியும். இதற்கு ஆன செலவு அற்பம். நான் செவிலியர்களைக் குறை சொல்வதாகச் சிலர் எழுதுவார்கள். மறுபடி ஒருமுறை படியுங்கள், குறை யார்மேல் என்று தெரியும்.

வியட்நாமில் தயாராகும் ஃபயர்ஃபிளை என்ற நீல ஒளிக் கருவியைப் பாருங்கள். அதில் ஒரு குழந்தைக்கு மட்டுமே இடம். இரண்டைப் படுக்க வைக்க முடியாது. கீழிருந்தும் ஒளி வருவதால், குளிருமே என்று தாய் போர்த்தினாலும் சிகிச்சை நடக்கும். இதை வடிவமைத்த அதே குழு முன்பு கார் உதிரிபாகங்களில் இன்குபேட்டர் செய்து, டைம் பத்திரிகையின் 2010 சிறந்த கண்டுபிடிப்புகள் பட்டியலில் இடம்பெற்றது. அந்த இன்குபேட்டர் உற்பத்திக்கே போகவில்லை.

டாக்காவின் ஷாம்பு பாட்டிலை நீங்களும் படித்திருப்பீர்கள். நிமோனியா கண்ட குழந்தை விடும் மூச்சைக் குழாய் வழியாக அந்தப் பாட்டிலில் உள்ள தண்ணீருக்குள் விட்டால், அந்த அழுத்தம் நுரையீரல் சுருங்காமல் காக்கும். இறப்பு குறைந்ததாக 2015ல் லான்செட் மருத்துவ இதழில் வந்தது. ஆனால் மலாவியில், தினமும் மருத்துவர் வராத வார்டில், பபிள் சிபாப் எனப்படும் இதே முறையை வேறு கருவியால் கொடுத்து ஆய்வு செய்தபோது 17 சதவீதக் குழந்தைகள் இறந்தன; சாதாரண ஆக்சிஜன் பெற்றவர்களில் 11 சதவீதம்தான். வார்டில் யார் இருக்கிறார்கள் என்பதையும் கருவியோடு சேர்த்துத்தான் கணக்கிட வேண்டும்.

கேட்காததையும் சொல்லிவிடுகிறேன். ஜெய்ப்பூர் கால் என்ற செயற்கைக் காலுக்காக டாக்டர் சேத்திக்கு 1981ல் மகசேசே விருது கிடைத்தது, தகுதியான மனிதர். அந்தக் காலைக் கையால் வடித்த கைவினைஞர் ராம் சந்திர சர்மாவின் பெயர் உங்களில் எத்தனை பேருக்குத் தெரியும்? என் பெட்டியின் படம் ஆண்டறிக்கையில் வந்தது. பக்கத்தில் சிரித்துக்கொண்டு நின்றவர் அதன் சுவிட்சைக்கூடத் தொட்டதில்லை. போகட்டும்.

உங்கள் கருவி எதற்கானது என்றே நீங்கள் எழுதவில்லை. எழுதுங்கள். இரவுப் பணியில் அதை யார் இயக்குவார்கள் என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.