ஏதென்ஸின் சீட்டுக் கல்

அன்புள்ள ஆசிரியருக்கு,

பழைய ஏதென்ஸில் வழக்கு கேட்கும் நடுவர்களைக் குலுக்கி எடுக்க ஒரு கல் இயந்திரம் இருந்தது என்று படித்தேன். பெயரை ஓலையில் எழுதிக் குடத்தில் போட்டு எடுத்தால் முடிகிற வேலைக்கு எதற்கு இயந்திரம்? நம் உத்திரமேரூர்க் குடவோலையும் இதுவும் ஒன்றுதானே? சாக்ரடீஸுக்குத் தண்டனை கொடுத்தவர்களும் இந்தக் கல் வழியாக வந்தவர்களா?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

ஐந்தாறு பேரைத் தேர்ந்தெடுக்கக் குடம் போதும். ஏதென்ஸில் சிறிய பண வழக்குக்கே 201 நடுவர்கள். அரசு வழக்கென்றால் சாதாரணமாக 501. காலையில் வந்து நிற்கும் கூட்டத்தைப் பல நீதிமன்றங்களுக்குப் பிரித்து அனுப்பி, வழக்கை அன்று மாலைக்குள் முடித்தாக வேண்டும்.

கிளெரோட்டீரியான் என்ற அந்தக் கருவி நிமிர்ந்து நிற்கும் ஒரு கற்பலகை. முகப்பில் தகடு செருகும் அளவுக்குக் குறுகிய துளைகள், நெட்டாக ஐந்து பத்திகளில். பக்கவாட்டில் மேலிருந்து கீழாக ஒரு குழாய், அதன் தலையில் புனல். குடிமக்கள் 10 குலங்களாகப் பிரிக்கப்பட்டிருந்தார்கள். குலத்துக்கு ஒரு வாசல், இரண்டு கற்கள். நடுவராகப் பதிந்தவர் ஒவ்வொருவரிடமும் ஒரு தகடு உண்டு. முதலில் வெண்கலம், பிறகு மரம். அதில் அவர் பெயர், தந்தை பெயர், ஊர், கூடவே பத்து எழுத்துகளில் ஒன்று. தன் எழுத்துள்ள பெட்டியில் தகட்டைப் போடுவார். பெட்டியைக் குலுக்கி அதிகாரி முதல் தகட்டை எடுப்பார். அந்தத் தகட்டுக்காரர்தான் மற்ற தகடுகளைத் தன் எழுத்துக்குரிய பத்தியில் மேலிருந்து கீழாகச் செருக வேண்டும். ஒரே ஆள் தினமும் செருகினால் தில்லுமுல்லு செய்துவிடுவான் என்பதால் செருகுபவருக்கும் சீட்டு!

பிறகு வெள்ளை, கறுப்புக் கட்டைகளைக் கலந்து புனலில் கொட்டுவார்கள். தேவைப்படும் ஐந்து பேருக்கு ஒரு வெள்ளைக் கட்டை என்பது கணக்கு. ஒரு குலத்திலிருந்து 50 பேர் வேண்டுமென்றால் இரண்டு கற்களிலும் சேர்த்துப் பத்து வெள்ளை. மேலிருந்து தொடங்கி, கிடைவரிசைக்கு ஒன்றாகக் கட்டைகள் வெளியே வரும். வெள்ளை வந்தால் அந்தக் கிடைவரிசையில் உள்ள ஐந்து பேரும் உள்ளே. கறுப்பு வந்தால் ஐந்து பேரும் வீட்டுக்கு.

தேர்வானவருக்கும் எந்த மன்றம் என்று இன்னும் தெரியாது. ஒரு ஜாடியிலிருந்து ஓக் மரக்கொட்டை வடிவக் காய் ஒன்றை எடுப்பார்; அதிலுள்ள எழுத்துதான் மன்றத்தைச் சொல்லும். அதை அதிகாரியிடம் காட்டியதும் அவருடைய தகடு அந்த மன்றத்துப் பெட்டிக்குப் போய்விடும். கையில் ஒரு வண்ணக்கோல் கொடுப்பார்கள். மன்றத்தின் நிலைவாசலுக்கும் அதே வண்ணம். வேறு மன்றத்துக்குள் நைசாக நுழைந்தால் கோலே காட்டிக் கொடுத்துவிடும். நாள் கூலியான மூன்று ஓபோல் காசு கடைசியில்தான் கைக்கு வரும்.

இவ்வளவு கெடுபிடிக்குக் காரணம் லஞ்சம். முன்பு எந்த நடுவர் எந்த மன்றத்தில் உட்காருவார் என்பது ஆண்டு முழுவதற்கும் தீர்மானமாகிவிடும். யாரைப் போய்ப் பார்க்க வேண்டும் என்று வழக்காடுபவனுக்கு முன்கூட்டியே தெரியும். கி.மு. 409 வாக்கில் பைலோஸைக் கோட்டைவிட்ட தளபதி அனிட்டோஸ்தான் நடுவர்களை விலைக்கு வாங்கும் வழக்கத்தைத் தொடங்கிவைத்தவர் என்கிறது, அரிஸ்டாட்டில் பெயரில் வழங்கும் ஏதென்ஸ் அரசியல் நூல். இவரே பிறகு சாக்ரடீஸ்மீது குற்றம் சாட்டிய மூவரில் ஒருவர். அந்த வழக்கு கி.மு. 399-ல் நடந்தது. அப்போதும் நடுவர்கள் சீட்டில்தான் வந்தார்கள், ஆனால் நான் மேலே சொன்ன முழு ஏற்பாடு கி.மு. நான்காம் நூற்றாண்டின் பிற்பகுதிக்கு உரியது. ஏதென்ஸின் சந்தைத் திடலான அகோராவில் கிடைத்த கல்லோ அதற்கும் பிந்தியது; அதில் ஐந்தல்ல, பதினொரு பத்திகள்.

இனி உத்திரமேரூர். பராந்தகன் காலத்துக் கல்வெட்டிலும் (கி.பி. 919, 921) இதே சந்தேகப் புத்தி உண்டு. ஓலையை எடுப்பது உள்ளே இருப்பது இன்னதென்று அறியாத ஒரு சிறுவன். அதை வாங்கும் மத்தியஸ்தர் ஐந்து விரலையும் விரித்த உள்ளங்கையில் வாங்க வேண்டும், எதையும் மறைத்து மாற்ற முடியாதபடி. ஆனால் இரண்டையும் ஒன்று என்று சொல்ல மாட்டேன். அது பிராமண ஊர்ச்சபை. குடத்தில் பெயர் விழுவதற்கே வயது 35-லிருந்து 70, வரி கட்டும் நிலம் கால் வேலிக்கு மேல், சொந்த மனையில் வீடு, வேதப் படிப்பு எல்லாம் வேண்டும். சலித்த பிறகுதான் குலுக்கல்.

ஏதென்ஸில் 30 வயதான ஆண் குடிமகனாக இருந்து, அரசுக்குக் கடன்படாமல், உரிமை பறிபோகாமல் இருந்தால் நடுவராகப் பதியலாம். படிப்போ நிலமோ கேட்பதில்லை. (பெண்கள், அடிமைகள், வெளியூர்க்காரர்களுக்குக் கதவே இல்லை என்பது வேறு.) சீட்டில் வரும் அதிகாரிகளுக்கோ, சீட்டு விழுந்த பிறகுதான் விசாரணை: பெற்றோரை ஒழுங்காக நடத்துகிறாயா, வரி கட்டினாயா, போருக்குப் போனாயா? தளபதிகள் போன்ற சிலருக்குச் சீட்டு கிடையாது. அவர்களைக் கைதூக்கித் தேர்ந்தார்கள்.

பதவி முடிந்ததும் கணக்கு இரண்டு ஊரிலும் உண்டு. ஏதென்ஸில் கணக்கை ஒப்படைக்கும்வரை நாட்டைவிட்டு வெளியே போக முடியாது. உத்திரமேரூரில் கணக்குக் காட்டாதவரின் பெயர் மட்டுமல்ல, அவருடைய நெருங்கிய உறவினர் பெயரும் குடத்துக்குள் போகாது.