தொழில் மாறுவோர் கேள்விகள்: கோடிங் பூட்கேம்ப்பில் சேரும் முன்

கேள்வி: வயது 29. பி.இ. மெக்கானிக்கல் முடித்துவிட்டு, ஓசூரில் வாகன உதிரிபாக ஆலையில் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் ஆறு வருடமாக ஷிஃப்ட் வேலை பார்க்கிறேன். நிரல் எழுதக் கற்றுத்தரும் ஆறு மாத கோடிங் பூட்கேம்ப்புக்கு 1,20,000 ரூபாய் கேட்கிறார்கள். தவணையில் கட்டலாம், வேலை உறுதி என்கிறார்கள். வேலையை விட்டுவிட்டுச் சேரலாமா?
- வாசகர், ஓசூர்

பதில்: வேலையையும் விடாதீர்கள், பணமும் கட்டாதீர்கள். முதலில் எட்டு வாரம், தினம் ஒன்றரை மணி நேரம், ஃப்ரீகோடுகேம்ப் தளத்தில் ஜாவாஸ்கிரிப்ட் என்ற நிரல் மொழியைப் படியுங்கள்; இலவசம்தான். பிறகு எந்த வீடியோவையும் பார்க்காமல், வெற்றுக் கோப்பில் தொடங்கி, மாதச் செலவைப் பதியும் சிறு செயலி ஒன்றை எழுதிப் பாருங்கள். பிழை எங்கே என்று தெரியாமல் இரண்டு மணி நேரம் தேடிய பிறகும் மறுநாள் உட்காரத் தோன்றுகிறதா? தோன்றினால் பூட்கேம்ப் பற்றி யோசிக்கலாம்.

'தவணை' என்பது பெரும்பாலும் உங்கள் பெயரில் எடுக்கப்படும் கடன். வங்கியல்லாத நிதி நிறுவனம் ஒன்று கட்டணத்தைப் பயிற்சி நிறுவனத்துக்கு முன்கூட்டியே கொடுத்துவிடும். நீங்கள் பாதியில் நின்றாலும், வகுப்பே நின்றுபோனாலும் தவணை ஓடும். கட்டத் தவறினால், பின்னால் கடன் வாங்கும்போது பார்க்கப்படும் சிபில் மதிப்பெண் சரியும். ஆகவே ஆலோசகர் போனில் அவசரப்படுத்தினாலும் ஓ.டி.பி.யைச் சொல்லிவிடாதீர்கள்; அதுவே கடனுக்குச் சம்மதமாகிவிடலாம். ரிசர்வ் வங்கி விதிப்படி, கடனின் முக்கிய விவர அறிக்கையை முன்னதாகவே தர வேண்டும். அதில் எல்லாக் கட்டணமும் சேர்ந்த ஆண்டு வட்டி எவ்வளவு, டிஜிட்டல் கடன் என்றால் அபராதமின்றி விலக எத்தனை நாள் என்று பாருங்கள்.

'வேலை உறுதி' ஒப்பந்தத்தை வரி வரியாகப் படியுங்கள். வருகை சதவீதம், பட்டம் பெற்ற ஆண்டு, எந்த ஊருக்கும் போகச் சம்மதம், முதலில் வரும் வேலையை மறுத்தால் பணம் திரும்பாது என்று நிபந்தனைகள் இருக்கும். '90 சதவீதம் பேருக்கு வேலை' என்றால், சேர்ந்தவர்களிலா, முடித்தவர்களிலா, 'தகுதி பெற்றவர்களிலா' என்று கேளுங்கள். அவர்கள் காட்டும் பழைய மாணவர்களை விட்டுவிட்டு, லிங்க்ட்இன்னில் நீங்களே நாலு பேரைத் தேடிப் பேசுங்கள். அசல் சான்றிதழ்களை ஒப்படைக்கச் சொன்னால் வெளியே வந்துவிடுங்கள். பணம் கட்டியபின் தகராறு வந்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.

கேள்வி: பூட்கேம்ப் முடித்தேன். நான்கு ப்ராஜெக்ட் இருந்தும் இன்டர்வியூ அழைப்பே வருவதில்லை. ஏன்?
- வாசகி, திருச்சி

பதில்: அந்த நான்கும் உங்கள் பேட்ச்சில் எல்லோரிடமும் இருக்கும் அதே ஷாப்பிங் தளமும் வானிலைச் செயலியுமாக இருந்தால், பார்ப்பவருக்கு உங்களை மற்றவரிடமிருந்து பிரித்தறிய வழியில்லை. ஒன்று போதும், அது நீங்கள் அறிந்த வேலையிலிருந்து வரட்டும். மருந்துக்கடை தெரியுமென்றால், காலாவதி தேதி நெருங்கும் மருந்துகளைக் காட்டும் இருப்புப் பதிவேடு. ஒரே மருந்து இரண்டு பேட்ச்சில், இரண்டு தேதியில் வரும்போது தரவைச் சேமிக்கும் எஸ்.க்யூ.எல். அட்டவணையை எப்படிப் பிரித்தீர்கள் என்பதைத்தான் இன்டர்வியூவில் தோண்டுவார்கள்.

அதை இணையத்தில் ஏற்றி, சுட்டியைத் திறந்தால் ஓடும்படி வையுங்கள். நிரல்களைச் சேமித்துப் பகிரும் கிட்ஹப் தளத்தில் வேலையைச் சிறு சிறு கமிட்டாக, அதாவது ஒவ்வொரு மாற்றத்தையும் தனிப் பதிவாக, பதியுங்கள். கடைசி நாளில் மொத்தமாக ஏற்றினால் நகல் என்ற சந்தேகம் வரும். டேட்டாபேஸ் பாஸ்வேர்டு உள்ள '.env' கோப்பு தவறி ஏறிவிட்டதா? அழித்துவிட்டு மறு கமிட் போட்டால் போதாது, பழைய கமிட்டில் அது அப்படியே இருக்கும். உடனே அந்தப் பாஸ்வேர்டை மாற்றுங்கள்.

கேள்வி: ரெஸ்யூமேயில் மூன்று வருட ஐ.டி. அனுபவம் போட்டுத் தருகிறோம் என்று ஒரு கன்சல்டன்சி சொல்கிறது. பலர் செய்கிறார்களாமே?
- வாசகர், சென்னை

பதில்: வேண்டவே வேண்டாம். பெரிய நிறுவனங்கள் பின்னணிச் சோதனையில் வேலை மாறினாலும் மாறாத பி.எஃப். கணக்கின் யு.ஏ.என். எண் வழியே எங்கே, எந்தத் தேதி வரை வேலை பார்த்தீர்கள் என்று பார்க்கின்றன. பொய் தெரிந்தால், சேர்ந்து பல மாதமான பிறகும் வெளியே அனுப்புவார்கள். அடுத்த இடத்தில் அதற்கும் விளக்கம் சொல்ல வேண்டிவரும். பழைய துறை அனுபவத்தை உள்ளபடியே எழுதி, அந்தத் துறைக்கு மென்பொருள் செய்யும் நிறுவனங்களில் முதலில் முயலுங்கள். ஆலையின் கொள்முதல், இருப்பு, உற்பத்தியைக் கவனிக்கும் இ.ஆர்.பி. மென்பொருள் செய்கிறவர்களுக்கு, தரத்தில் தேறாத பாகங்களின் ரிஜெக்‌ஷன் பதிவேடு எப்படி ஓடுகிறது என்று தெரிந்த ஜூனியர் கிடைப்பது அரிது.