கனடாவின் கிச்சனர் நகரில் இத்தனை ஜெர்மன் கிளப்புகள் எப்படி வந்தன?

ஒண்டாரியோவில் உள்ள கிச்சனருக்கு 1916 வரை பெர்லின் என்றுதான் பெயர். அமெரிக்காவின் பென்சில்வேனியாவிலிருந்து மென்னோனைட் என்ற கிறிஸ்தவப் பிரிவைச் சேர்ந்த, ஜெர்மன் பேசும் விவசாயிகளும், அப்புறம் ஜெர்மனியிலிருந்தே கைவினைஞர்களும் வந்து குடியேறிய ஊர் அது. அங்கே 1873இல் பாடகர் குழுவாகத் தொடங்கியதுதான் கான்கோர்டியா கிளப்.

முதல் உலகப் போரில் ஜெர்மனி கனடாவுக்கு எதிரி நாடானது எல்லாவற்றையும் புரட்டிப் போட்டது. பூங்காவில் இருந்த ஜெர்மன் பேரரசர் கைசர் வில்ஹெல்மின் சிலையை ஏரியில் தள்ளினார்கள். 1916இல் படைவீரர்களே கிளப்புக்குள் புகுந்து சூறையாடினார்கள். அதே ஆண்டு ஊரின் பெயரும் மாறியது. கனடாவிலேயே பிறந்து வளர்ந்தவர்களையும் சந்தேகக் கண்ணோடு பார்த்தது பெரிய அநியாயம்.

இன்னொன்று, இந்தக் கிளப்புகள் எல்லாம் ஒரே மக்களுடையவை அல்ல. 1931இல் தொடங்கிய ஷ்வாபென் கிளப், டான்யூப் ஆற்றோர ஊர்களில் வாழ்ந்த ஜெர்மானியர்களுடையது. 1951இல் தொடங்கிய டிரான்சில்வேனியா கிளப், இன்றைய ருமேனியாவில் வாழ்ந்த, ஜெர்மன் பேசும் சாக்சன் மக்களுடையது. இரண்டாம் உலகப் போரில் சொந்த மண்ணை இழந்து வந்தவர்களுக்குப் பேச்சுவழக்கு, பாட்டு, நடனம், சமையல் எல்லாம் ஒரே கூரையின்கீழ் கிடைத்தன.

1969 முதல் நடக்கும் அக்டோபர்ஃபெஸ்ட் என்ற ஜெர்மன் பாணி பீர் விழாவில் இந்தக் கிளப் மண்டபங்கள் கொண்டாட்டக் கூடங்களாக இருந்துவந்திருக்கின்றன. வெளியூர்க்காரர்கள் பீருக்கும் இசைக்கும் வருகிறார்கள். ஆனால் கிளப்புகளுக்கு உயிர் கொடுப்பது பாடகர் குழுக்களும் இளையோர் நடனக் குழுக்களும்தான் என்பேன்.