வாசகர் கேள்வி – பதில்: முஸ்லிம் நண்பரிடம் இயேசுவைப் பற்றிப் பேசுவது

கேள்வி: என் வகுப்புத் தோழன் மண்ணடிக்காரன், முஸ்லிம். கேன்டீனில் அவனிடம் இயேசுவைப் பற்றிப் பேச்செடுத்தேன், சண்டையில் முடிந்தது. எங்கே தப்பு?
– கல்லூரி மாணவர், பழைய வண்ணாரப்பேட்டை

பதில்: கேன்டீனில்தான் தப்பு. கூட நாலு நண்பர்கள் உட்கார்ந்திருந்தால் அவன் தன் மார்க்கத்துக்கு வக்கீலாகிவிடுவான். விட்டுக்கொடுத்தால் அவனுக்குத்தான் அவமானம். கல்லூரி விட்டு இருவரும் மின்ட் பக்கம் நடக்கும் நேரம் போதும். வெள்ளி மதியம் ஜும்ஆ தொழுகைக்குக் கிளம்புகிறவனை நிறுத்தாதீர்கள். ரமலான் பகலில் டீக்கு இழுக்காதீர்கள்.

முதலில் நீங்கள் கேளுங்கள். "நோன்பு வைக்கிறப்ப மனசுல என்ன ஓடும்?", "எதுக்காக துஆ செய்வ?" பதிலை முழுசாகக் கேளுங்கள், நடுவில் திருத்தாதீர்கள். அவன் தன் நூலைக் கொடுத்தால் வாங்கிப் படியுங்கள். பிறகு, "எங்க வேதத்துல ஒரு கதை இருக்கு, சொல்லட்டுமா?" என்று அனுமதி கேளுங்கள். வேண்டாம் என்றால் பேச்சை மாற்றுங்கள்.

சரி என்றால் ஊதாரி மகன் கதை: லூக்கா 15-ஆம் அதிகாரம், 11 முதல் 32 வரை. மொத்தம் 22 வசனம், நிதானமாக வாசித்தால் நாலு நிமிடம். பழைய மொழிபெயர்ப்பின் நடை பலருக்கு ஓடாது. 1995-இல் வந்த திருவிவிலியம் எளிது. முடித்ததும் விளக்கவுரை வேண்டாம், இரண்டே கேள்வி: வீட்டை விட்டுப் போன மகனைக் கண்டதும் அப்பா ஓடிப்போய்க் கட்டிப்பிடித்தது சரியா? வீட்டிலேயே இருந்த மூத்த மகனின் கோபம் நியாயமா? நம்ம ஏரியா அப்பாக்கள் தெருவில் ஓடிப்போய்க் கட்டிப்பிடிக்கிற ரகமா என்று யோசித்தாலே பேச்சு சூடுபிடிக்கும். அன்றைக்கு அதோடு நிறுத்துங்கள். அடுத்த கதை அடுத்த வாரம், அதுவும் அவன் கேட்டால்.

ஒரு சின்ன விஷயம். பல முஸ்லிம் வீடுகளில் குர்ஆனைத் துணியில் சுற்றி உயரமான அலமாரியில் வைப்பார்கள். டிபன் பாக்ஸுக்கு அடியில் நசுங்கி, பக்கமெல்லாம் பேனாக் கோடு போட்ட வேதாகமத்தைப் பையிலிருந்து உருவித் தரையில் வைத்தீர்கள் என்றால், "இவனுக்கே மரியாதை இல்ல" என்று அவன் முடிவு கட்டிவிடுவான். கோடு போடாத பிரதி ஒன்று தனியாக வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: "இறைவனுக்கு எப்படி மகன் இருக்க முடியும்?" என்று தோழி கேட்கிறாள். நான் சொல்லும் பதில் எடுபடவில்லை.
– மாணவி, தண்டையார்பேட்டை

பதில்: அவள் சிறுவயதிலேயே மனப்பாடம் செய்த குர்ஆனின் 112-ஆவது அத்தியாயம், இறைவன் பெறவும் இல்லை, பெறப்படவும் இல்லை என்கிறது. "தேவகுமாரன்" என்றதும் அவள் காதில் விழுவது மனைவி, பிரசவம், பிள்ளை. ஆகவே எதை மறுக்கிறோம் என்பதை முதலில் சொல்லுங்கள்: "உடல் வழியா பிள்ளை பெத்தாருன்னு நாங்களும் நம்பல." பிறகு உவமை. மண்ணின் மைந்தன் என்கிறோம், மண் பிரசவித்தது என்று யாரும் நினைப்பதில்லை. குர்ஆனிலேயே வழிப்போக்கனுக்கு "இப்னுஸ் ஸபீல்", பாதையின் மகன் என்று பெயர். உவமை கதவைத் திறக்கும், அவ்வளவுதான். உள்ளே போக, இயேசுவை இறைவனின் 'வார்த்தை' என்று சொல்லும் யோவான் சுவிசேஷத்தின் முதல் அதிகாரம் வேண்டும்.

குர்ஆன் 4:171-இல் ஈஸா நபியை, அதாவது இயேசுவை, இறைவனின் வார்த்தை என்று சொல்லியிருக்கிறது. அதை எடுத்து "உங்க குர்ஆனே ஒத்துக்குது" என்று மடக்காதீர்கள். அதே வசனம் இறைவனை 'மூன்று' என்று சொல்லாதீர்கள் என்றும் கண்டிக்கிறது, அவளுக்கு அது தெரியும். சிலுவை மரணத்தை 4:157 மறுக்கிறது. அங்கே மழுப்பாமல், "இதுல நாம வேற வேற" என்று சொல்லிவிடுங்கள். நபிகள் நாயகத்தைப் பற்றிக் குறையாக ஒரு சொல் வந்தால் பேச்சு அன்றோடு சரி.

சொற்களிலும் கவனம். 'தேவன்', 'கர்த்தர்' அவளுக்கு அந்நியம். 'இறைவன்' இருவருக்கும் பொது. இன்ஜீல் என்றால் ஈஸா நபிக்கு இறங்கிய ஒரே வேதம் என்று அவள் எண்ணியிருப்பாள். நான்கு சுவிசேஷங்களும் இயேசுவைப் பற்றி எழுதப்பட்டவை என்பதை முதலிலேயே சொல்லுங்கள்.

கேள்வி: வாலிபர் கூட்டத்தில் ஏழை மாணவர்களுக்குக் கட்டண உதவி செய்கிறோம். கூடவே நற்செய்தி சொல்லலாமா?
– ராயபுரம் வாசகர்

பதில்: இரண்டையும் முடிச்சுப் போடாதீர்கள். உதவி வாங்கியவனால் "வேண்டாம்" என்று சொல்ல முடியாது, அது சுவிசேஷமும் ஆகாது. அரசியலமைப்பின் 25-ஆவது பிரிவு மதத்தைப் பரப்பும் உரிமை தருகிறது. அதற்காக அடுத்தவரை மதம் மாற்றும் உரிமை கிடையாது என்று 1977-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 18 வயது ஆகாதவரிடம் பெற்றோருக்குத் தெரியாமல் எதுவும் வேண்டாம்.

கேள்வி: நண்பன் ரகசியமாக மாற்கு சுவிசேஷம் படிக்கிறான், சபைக்கு வர ஆசைப்படுகிறான். ஞானஸ்நானத்துக்கு ஏற்பாடு செய்யலாமா?
– வியாசர்பாடி வாசகர்

பதில்: அவசரம் உங்களுக்கா, அவனுக்கா? 16 அதிகாரத்தையும் படித்து முடிக்கட்டும். அவன் பெயரை ஜெபக் குறிப்பில் போடாதீர்கள். ஞாயிறு சொன்னது செவ்வாய்க்குள் அவன் தெருவுக்குப் போய்விடும். போட்டோ, ஸ்டேட்டஸ் எதுவும் கூடாது. வீட்டில் பொய் சொல்லவோ, வீட்டை விட்டு வரவோ தூண்டாதீர்கள். யாரிடம், எப்போது சொல்வது என்பது அவன் முடிவு. முஸ்லிம் குடும்பங்களைப் பழக்கத்தில் அறிந்த, வாயடக்கமுள்ள ஒரு மூத்த போதகர் போதும், கூட்டம் தேவையில்லை. நாளைக்கே "இதோட போதும்டா" என்றாலும் பக்ரீத்துக்குக் கூப்பிட்டால் பிரியாணிக்குப் போங்கள்.